தொழில் என்ற கட்டம்

ஏப்ரல் இருபத்தெட்டு. ஹமில்டனில் இன்னும் பனி.
பார்ட்டன் தெருவில், டோனட் கடைக்கு மேலே
என் அலுவலகம்: ஒரு மேசை, ஒரு பிரிண்டர்,
வரித்தாளைக் கடைசிக் கிழமை வரைக்கும்
மறந்திருந்துவிட்டுப் படியேறி வரும் சனம்.

அவன் சப்பாத்துப் பெட்டியோடு வந்தான்.
கதவு நிலைக்குக் குனிந்து பழகிய உயரம்.
ஒவ்வொரு படியிலும் இடது காலையே முதலில் வைத்து
ஏறியிருக்கிறான். சத்தத்தில் தெரிந்தது.

பெயர் கேட்டேன். திஹோமிர் க்ர்காட்.
ஜி, ஆர், ஜி என்று தட்டிப் பார்த்தேன்,
நடுவில் மூச்சுவிட இடமில்லை.
"எங்கட மொழியில் மெய்யெழுத்து
தனியாகச் சொல்லைத் தொடங்காது," என்றேன்.
"கூடவே ஓர் உயிர் வரவேணும்.
மெய் என்றால் உடம்பு என்றும் அர்த்தம்."
கொஞ்சம் யோசித்தான்.
"எங்கட மொழியில் தொடங்கும்," என்றான்.
"முப்பத்தைந்து வயது வரைக்கும் ஓடும்."

பெட்டியை மேசையில் கவிழ்த்தான்.
வின்கோவ்ட்சியில் பதினேழு வயதில் போட்ட முதல் ஒப்பந்தம்,
அதில் அப்பாவின் கையெழுத்து அவனுடையதைவிடப் பெரிது.
ஸ்லோவேனியாவில் இரண்டு பருவம், இரவல் ஆட்டக்காரன்.
"இரவல் என்றால்?"
"குடை மாதிரி."
சைப்ரஸில் ஐந்து மாதச் சம்பளம் பாக்கி,
இப்போது அந்தக் கழகமே இல்லை,
மைதானத்தில் பழைய கார் விற்கிறார்களாம்.
"இதை நட்டம் என்று போடலாமா?"
"போட ஏலாது."
சரி என்று அந்தத் தாளை மட்டும்
மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான்.
கசகஸ்தானுக்குத் தாள் இல்லை.
முன்வாயில் ஒரு பல் இல்லாததுதான் சாட்சி.
பிறகு இந்த ஏரிக்கரை,
கோல் கம்பங்களுக்குப் பின்னால்
உருக்காலைப் புகைபோக்கிகள் நிற்கிற மைதானம்.

உதைபந்தாட்டம் எனக்கு விளங்காது.
எண் விளங்கும். எத்தனை கோல் என்றேன்.
"நூற்றுப்பதினொன்று."
பிரிண்டர் ஒரு தாளைத் துப்பி முடிக்கும்வரை பொறுத்து,
"நூற்றுப்பன்னிரண்டு," என்றான்.

கைபேசியை நீட்டினான். நிறுத்திவைத்த படம்.
ஒக்டோபர், மழை, தொண்ணூறு நிமிடமும் தாண்டி,
அவனை நோக்கிப் பந்து கிளம்புகிற கணம்.
ஓரத்தில், கொடியோடு
இன்னும் உயராத ஒரு கை.
"நீங்கள் கணக்குக்காரி. பாருங்கள்."

கைக்கு அகப்பட்ட ரசீதின் விளிம்பை
திரையில் நிமிர்த்தி வைத்துப் பார்த்தேன்.
தலை கோட்டுக்கு இந்தப் பக்கம். தோள் இந்தப் பக்கம்.
பூட்ஸ்கூட.
வலது முழங்கால் மட்டும்
ஒரு விரற்கடை முன்னால்.

ரசீதைத் திருப்பினேன்.
முழங்கால், வலது, அறுவைக்குப் பின் பயிற்சி,
இருபத்தாறு தடவை,
மூவாயிரத்து நூற்று நாற்பது டொலர்.
அவனும் வாசித்தான்.
முதலில் சிரித்தது அவன்தான், கசகஸ்தான் தெரிய.
பிறகு நான், கண்ணில் தண்ணீர் வரும்வரை.
கீழே டோனட்காரி
கூரையை அண்ணாந்து பார்த்திருப்பாள்.

"இதையாவது கழிக்கலாமா?"
"கழிக்கலாம். மருத்துவச் செலவு."

இன்னும் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தது: தொழில்.
"ஜனவரியிலிருந்து மச்சானோடு டைல்ஸ் பதிக்கிறேன்," என்றான்,
"நாள் முழுக்க முட்டிபோட்டு."
இதைச் சொல்லும்போது மட்டும் ஜன்னலைப் பார்த்தான்.
"இந்தத் தாள் போன வருசத்துக்கு," என்றேன்.
"டிசம்பர் முப்பத்தொன்று வரைக்கும் நீங்கள் என்ன?"

அவன் வாய் திறக்கவில்லை. நானே அடித்தேன்:
முன்கள ஆட்டக்காரன்.
கணினி அதற்குக் கீழே சிவப்பாக ஒரு கோடு போட்டது.
இன்றைக்குக் கோடுகள் பார்த்தது போதும்,
அனுப்பிவிட்டேன்.

வெறும் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனான்.
பதினெட்டுப் படி.
அடுத்த ஆள் கதவைத் தட்டும்வரை
கேட்டுக்கொண்டிருந்தேன்.
இறங்கும்போது
வலது கால்தான் முந்துகிறது.